எட்டுக் கோர் இருந்தால் போதுமா? போன் புரொசெசரைப் படித்துப் பார்த்து வாங்கும் முறை

கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசாவிலோ புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ போன் கடைக்குள் நுழைந்தால், பெட்டியின் பக்கவாட்டில் உள்ளதைத்தான் முதலில் வாசித்துக் காட்டுவார்கள்: "ஒக்டா-கோர், 2 கிகாஹேர்ட்ஸ், 8 ஜிபி ரேம்." மூன்றும் பொய்யில்லை. ஆனால் இதே மூன்றையும் எழுதிக்கொண்டு அருகருகே கிடக்கும் இரண்டு போன்களில் ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகமாக இருக்கலாம். கோர் என்பது புரொசெசருக்குள் கணக்குப் பார்க்கும் ஒரு பகுதி. எட்டுக் கோர் என்றால் எந்த எட்டு என்று பெட்டி சொல்வதில்லை. அதைக் கேட்கப் பழகுவதற்குத்தான் இந்த வழிகாட்டி.

தொடங்கும் முன் ஒரு சொல் பற்றி. தமிழில் 'செயலி' என்று சிலர் புரொசெசரைச் சொல்கிறார்கள், சிலர் வாட்ஸ்அப் போன்றவற்றைச் சொல்கிறார்கள். குழப்பம் வேண்டாம். இங்கே செயலி என்றால் போனில் இறக்கிக்கொள்வது. உள்ளே இருக்கும் சில்லு புரொசெசர், அல்லது வெறுமனே சிப்.

அந்தச் சிப்புக்குள் புரொசெசர் மட்டும் இல்லை. கட்டைவிரல் நகத்தளவு சிலிக்கனில் கணக்குப் பார்க்கும் கோர்கள் (சிபியு), படம் வரையும் பகுதி (ஜிபியு), கமராவிலிருந்து வருவதைப் படமாக்கும் பகுதி, வீடியோவைச் சுருக்கி விரிக்கும் பகுதி, செயற்கை நுண்ணறிவுக்கான பகுதி, பெரும்பாலான அன்ட்ரொய்ட் போன்களில் நெட்வேர்க்கோடு பேசும் மோடமும்கூட ஒன்றாக இருக்கின்றன. ஆகவே சிப் மட்டமானது என்றால் கேம் மட்டும் அல்ல, வீடியோவும் சிக்னலும் சேர்ந்தே அடிவாங்கும்.

முதல் படி: சிப்பின் முழுப்பெயரைப் பிடியுங்கள்

போனின் மொடல் பெயர் போதாது. சம்சுங் கேலக்சி ஏ14 நல்ல உதாரணம். அதன் 4ஜி வகை சில நாடுகளில் எக்சினோஸ் 850 உடனும், சில நாடுகளில் மீடியாடெக் ஹீலியோ ஜி80 உடனும் விற்கப்பட்டது. 5ஜி வகையில் எக்சினோஸ் 1330 அல்லது டைமென்சிட்டி 700. பெட்டியில் ஒரே பெயர், உள்ளே நான்கு சிப்களில் ஏதோ ஒன்று. டுபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த போனும் காலி வீதிக் கடையில் வொரன்டியோடு எடுத்த போனும் ஒன்றுதான் என்று நினைக்கக்கூடாது.

செட்டிங்ஸில் 'போன் பற்றி' என்ற பக்கத்தைத் திறவுங்கள். சில கம்பனிகள் சிப்பின் பெயரை அங்கேயே காட்டும். காட்டாவிட்டால் மொடல் இலக்கத்தை, கடைசி எழுத்து உட்பட, அப்படியே குறித்துக்கொண்டு இணையத்தில் தேடுங்கள். அந்தக் கடைசி எழுத்தில்தான் பெரும்பாலும் வித்தியாசம் ஒளிந்திருக்கும். கடைக்காரர் சம்மதித்தால் சிபியு-இசட் என்ற இலவசச் செயலியை இறக்குவது இன்னும் நல்லது. சிப்பின் பெயர், கோர்களின் வகை, ஒவ்வொன்றின் வேகம், ஜிபியு பெயர் எல்லாம் முதல் பக்கத்திலேயே வரும். சில வேளை விற்பனைப் பெயருக்குப் பதில் தொழிற்சாலைக் குறியீடுதான் தெரியும். எம்டி6789 என்றால் ஹீலியோ ஜி99, எஸ்எம்6225 என்றால் ஸ்னாப்டிராகன் 680. வேகங்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வேலை இல்லாதபோது கோர்கள் தூங்குவது நல்ல குணம்.

பெயர் மாற்றும் விளையாட்டையும் தெரிந்துவைத்திருங்கள். டைமென்சிட்டி 700 பிறகு டைமென்சிட்டி 6020 ஆனது. 810 என்பது 6080 ஆகவும், 1080 என்பது 7050 ஆகவும் வந்தன. ஹீலியோ ஜி100 என்பது ஜி99 இன் கோர்களையே வைத்துக்கொண்டு, கமரா ஆதரவைக் கூட்டிய சிப். புது இலக்கம் என்றால் புதுச் சிப் என்று நம்பிக் காசைக் கூட்டிக் கொடுக்க வேண்டாம். வேறு வேறு கம்பனிகளின் இலக்கங்களை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. 680 என்ற எண் 99 ஐ விடப் பெரியது. ஆனால் ஸ்னாப்டிராகன் 680 இன் பெரிய கோர்கள் ஹீலியோ ஜி99 இன் பெரிய கோர்களுக்கு இரண்டு தலைமுறை பிந்தியவை.

இரண்டாம் படி: எந்தக் கோர், எத்தனை

இந்த ஒரு படியை மட்டும் கவனமாகச் செய்தாலே பாதி ஏமாற்றம் குறைந்துவிடும்.

அன்ட்ரொய்ட் போன் சிப்களில் பெரும்பாலானவை பிரிட்டனின் கேம்பிரிட்ஜில் உள்ள ஆர்ம் கம்பனியின் கோர் வடிவமைப்புகளை வைத்தே கட்டப்படுகின்றன. கோர்ட்டெக்ஸ் என்பது குடும்பப் பெயர். அதற்குள் இரண்டு சாதி. சிக்கனமான சிறிய கோர்கள்: ஏ53, ஏ55, ஏ510, ஏ520. வேலை முடிக்கும் பெரிய கோர்கள்: ஏ73, ஏ75, ஏ76, ஏ78, ஏ715, ஏ720, அதற்கும் மேலே எக்ஸ் வரிசை. பெரியதையும் சிறியதையும் ஒரே சிப்பில் கலந்து வைக்கும் ஏற்பாட்டை ஆர்ம் 2011 இல் அறிவித்தது. பாட்டுக் கேட்பதற்கும் மெசேஜ் வருவதற்கும் சிறிய கோர் போதும், பற்றரி மிஞ்சும். செயலி திறக்கும்போது, இணையப் பக்கம் ஏறும்போது பெரிய கோர் எழும்பும்.

சிறியதும் பெரியதும் வேறுபடுவது கிகாஹேர்ட்ஸில் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வெள்ளவத்தையில் இரவு எட்டு மணிக்குக் கொத்துக் கடை ஒன்றின் முன் நின்று பாருங்கள், விஷயம் விளங்கும். ஓர் ஆள் கட்டளை வந்த வரிசையிலேயே வேலை செய்வார். முதல் கொத்துக்கு இறைச்சிக் குழம்பு உள்ளேயிருந்து வர வேண்டும் என்றால், இரண்டு தகட்டையும் பிடித்துக்கொண்டு வரும்வரை நிற்பார். இன்னொருவர் குழம்பு வருவதற்குள் அடுத்த கட்டளைக்கு முட்டையை உடைப்பார், அதற்கடுத்ததற்கு லீக்ஸ் வெட்டி வைப்பார். கொடுக்கும்போது மட்டும் வரிசைப்படி கொடுப்பார். ஏ53, ஏ55, ஏ510 எல்லாம் முதல் ஆள். ஏ73 தொடங்கி மேலே உள்ளவை இரண்டாம் ஆள்.

குழம்புக்காகக் காத்திருப்பது சிறிய விஷயமில்லை. 2 கிகாஹேர்ட்ஸ் கோர் ஒரு செக்கனுக்கு 200 கோடி தடவை துடிக்கிறது. தேவையான தரவு கோரின் பக்கத்திலுள்ள சிறிய, வேகமான நினைவகமான கேஷில் இல்லாமல் ரேமிலிருந்து வர வேண்டுமென்றால் ஏறத்தாழ 100 நானோசெக்கன் எடுக்கும். அதாவது 200 துடிப்பு வீண். கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் கோருக்கு வேகம் 2 கிகாஹேர்ட்ஸ் என்றாலென்ன, 3 என்றாலென்ன. இதற்கு மேல், ஏ55 ஒரு துடிப்பில் அதிகபட்சம் 2 கட்டளைகளை எடுக்கிறது, ஏ76 எடுப்பது 4.

இப்போது நம்முடைய கடைகளில் அடிக்கடி கண்ணில் படும் சிப்களைப் பிரித்துப் பார்ப்போம். ஹீலியோ ஜி35 இல் உள்ள எட்டும் ஏ53. எக்சினோஸ் 850 இல் எட்டும் ஏ55. பெரிய கோர் ஒன்றுகூட இல்லை, முழுக் கடையும் முதல் ஆள்தான். யுனிசொக் டி606 இல் 1.6 கிகாஹேர்ட்ஸ் ஏ75 இரண்டு, ஏ55 ஆறு. ஹீலியோ ஜி85 இலும் அதே கலவைதான், ஆனால் ஏ75 இரண்டும் 2 கிகாஹேர்ட்ஸ். ஸ்னாப்டிராகன் 680 இல் ஏ73 அடிப்படையில் அமைந்த 2.4 கிகாஹேர்ட்ஸ் கோர்கள் நான்கு, ஏ53 அடிப்படையில் நான்கு. ஹீலியோ ஜி99 இல் 2.2 கிகாஹேர்ட்ஸ் ஏ76 இரண்டு, ஏ55 ஆறு. ஸ்னாப்டிராகன் 695 இலும் டைமென்சிட்டி 7050 இலும் ஏ78 இரண்டு. எக்சினோஸ் 1380 இல் ஏ78 நான்கு.

கீக்பெஞ்ச் 6 என்ற சோதனையில் தனிக்கோர் எண்ணைப் பார்த்தால் இடைவெளி கண்ணுக்குத் தெரியும். ஜி85, 680 இரண்டும் 400 அளவில் நிற்கும். ஜி99 கிட்டத்தட்ட 700 தொடும். பல்கோர் எண் பெரிதாக இருப்பதால் விளம்பரத்தில் அதைத்தான் போடுவார்கள். நீங்கள் தனிக்கோரைப் பாருங்கள். தட்டியவுடன் செயலி திறப்பது, விசைப்பலகை பின்தங்காமல் எழுதுவது, வங்கிச் செயலி ஏறுவது எல்லாம் பெரும்பாலும் ஒன்றிரண்டு கோரின் தலையில்தான் விழுகின்றன.

நாளாந்தப் பாவனைக்கு மூன்று நான்கு வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால், எங்கள் கணிப்பில் ஏ76 கோர் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் முதல் வருடம் பரவாயில்லை, பிறகு ஒவ்வொரு அப்டேட்டுக்கும் போன் இழுக்கத் தொடங்கும். அம்மாவுக்கு வாட்ஸ்அப் கோல் எடுக்க மட்டும் என்றால் ஏ75 போதும். எட்டும் ஏ53 என்றால் இலவசமாகக் கொடுத்தால் யோசிக்கலாம்.

எட்டு என்ற எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. 2023 இல் வந்த அப்பிளின் ஏ17 ப்ரோ சிப்பில் கோர்கள் ஆறுதான்: பெரியது இரண்டு, சிறியது நான்கு. அதே ஆண்டு மீடியாடெக் டைமென்சிட்டி 9300 இல் சிறிய கோர்களையே எடுத்துவிட்டு, எக்ஸ்4 நான்கும் ஏ720 நான்கும் வைத்தது.

மூன்றாம் படி: நானோமீற்றரும், அதைவிட முக்கியமாகச் சூடும்

12, 8, 6, 4 நானோமீற்றர் என்று எழுதியிருப்பது சிப்பைச் செய்த உற்பத்தி முறையின் பெயர். முன்பு அது டிரான்சிஸ்டரின் ஏதோ ஒரு பகுதியின் உண்மையான அளவு. இப்போது வெறும் தலைமுறைப் பெயர். ஒரே தொழிற்சாலைக்குள் ஒப்பிட்டால் இலக்கம் குறையக் குறைய மின்சாரச் செலவு குறையும் என்று கொள்ளலாம். தொழிற்சாலை மாறினால் அந்தக் கணக்கு பிழைக்கும்.

இதற்கு மிகத் தெளிவான சாட்சி ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1. 2021 நவம்பர் இறுதியில் அறிவிக்கப்பட்டது, சம்சுங்கின் 4 நானோமீற்றர் முறையில் செய்தார்கள். சூடாகிறது என்று உலகம் முழுக்கப் பேச்சு. 2022 மே மாதம், ஸ்னாப்டிராகனை வடிவமைக்கும் குவால்கொம் கிட்டத்தட்ட அதே வடிவமைப்பைத் தாய்வானின் சிப் தொழிற்சாலையான டிஎஸ்எம்சியிடம் கொடுத்து 8+ ஜென் 1 ஆக வெளியிட்டது. இதுவும் 4 நானோமீற்றர்தான், ஆனால் மின்சாரச் செலவு 30 சதவீதம் வரை குறைவு என்று குவால்கொம்மே சொன்னது. பாவித்த போன் தேடுபவர்களுக்கு இது காசு மிச்சம் பிடிக்கும் தகவல். பெயரில் அந்தக் கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாததும் இருப்பதும் விலையில் அதிகம் வித்தியாசப்படாவிட்டால் கூட்டல் குறி உள்ளதையே எடுங்கள்.

சூடு ஏன் வருகிறது? சிப் உண்ணும் மின்சாரம் துடிப்பு வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. வேகத்தைக் கூட்ட வேண்டுமென்றால் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். இரண்டையும் 10 சதவீதம் கூட்டினால் 1.1 ஐ மூன்று தடவை பெருக்க வேண்டும். 1.33 வரும். 10 சதவீத வேகத்துக்கு 33 சதவீத மின்சாரம். விளம்பரத்தில் போடும் உச்ச கிகாஹேர்ட்ஸ் இப்படித்தான் விலை கொடுத்து வாங்கப்படுகிறது.

போனில் விசிறி கிடையாது. உடலின் மேற்பரப்பு வழியாகத் தொடர்ந்து வெளியேற்றக்கூடிய வெப்பம் 3 முதல் 5 வாட் அளவுதான். அதற்கு மேல் போனால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சுற்றியுள்ள காற்று எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு இலகுவாக வெப்பம் வெளியேறும். விமர்சன வீடியோக்கள் பெரும்பாலும் 20 சொச்சம் பாகை அறையில் எடுக்கப்படுபவை. கொழும்பில் பகல் 30 பாகை சாதாரணம், 138 பஸ்ஸில் நெரிசலில் நிற்கும்போது சட்டைப்பைக்குள் அதைவிட அதிகம். ஆகவே அந்த வீடியோக்களில் பத்து நிமிடம் தாக்குப்பிடித்த சிப் இங்கே அவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்காது.

மிக மோசமான சூழல் ஓட்டோவின் முன்பக்கத் தாங்கி. கண்ணாடிக்குப் பின்னால் நேர் வெயில், ஸ்கிரீன் முழு வெளிச்சத்தில், ஜிபிஎஸ்ஸும் டேட்டாவும் ஓடிக்கொண்டிருக்க, சவாரி பிடிக்கும் பிக்மி செயலி திறந்தபடி, சார்ஜரும் செருகியிருக்கும். சிப் ஒரு பக்கம் சூடு, சார்ஜாகும் பற்றரி மறுபக்கம் சூடு. முதலில் ஸ்கிரீன் மங்கும், பிறகு சார்ஜ் நிற்கும், பிறகு வரைபடம் தடக்கித் தடக்கி நகரும். இது பழுது அல்ல, போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்வது. இப்படிப் பாவிப்பவர்கள் பெரிய எண் கொண்ட சிப்பை விட 6 அல்லது 4 நானோமீற்றர் நடுத்தரச் சிப்பைத் தேடுவது புத்தி. 12 நானோமீற்றர் ஜி85 ஐ விட 6 நானோமீற்றர் ஜி99 வேகத்திலும் முன்னே, சூட்டிலும் குறைவு. தாங்கியை ஏசி அல்லது காற்று வரும் பக்கம் மாற்றினாலே பாதித் தொல்லை போய்விடும். தடித்த ரப்பர் கவரையும் கழற்றுங்கள்.

நான்காம் படி: ஜிபியுவை ஸ்கிரீனோடு சேர்த்துப் பாருங்கள்

தனியாகப் பார்த்தால் ஜிபியு பெயர் எதையும் சொல்லாது. ஸ்கிரீனில் எத்தனை புள்ளி, செக்கனுக்கு எத்தனை தடவை என்பதோடு பெருக்கிப் பாருங்கள். எச்டி+ ஸ்கிரீன் 720 × 1600, அதாவது சுமார் 11.5 இலட்சம் புள்ளி. எஃப்எச்டி+ 1080 × 2400, சுமார் 26 இலட்சம். ஒரே ஜிபியுவுக்கு 2.25 மடங்கு வேலை. 60 ஹேர்ட்ஸில் ஒரு படம் வரைய 16.7 மில்லிசெக்கன் கிடைக்கும், 120 ஹேர்ட்ஸில் 8.3 தான். நேரத்துக்கு முடியாவிட்டால் அந்தப் படம் தவறிப்போகும். விரலுக்குக் கீழே திக்குவது அதுதான்.

மலிவுப் போனில் மெதுவான சிப்பும் 120 ஹேர்ட்ஸ் ஸ்கிரீனும் சேர்ந்து வந்தால், விளம்பரத்துக்காகப் போட்டது என்று கொள்ளுங்கள். மாலி ஜிபியு பெயரின் பின்னால் வரும் எம்சி1, எம்சி2, எம்பி1 என்பவை எத்தனை கோர் என்று சொல்கின்றன. டி606 இலும் ஜி99 இலும் இருப்பது மாலி-ஜி57 தான். முதலாவதில் ஒன்று, இரண்டாவதில் இரண்டு. பெயரின் முன்பாதியை மட்டும் வாசித்தால் இரண்டும் சமம் என்று தோன்றும்.

ஜிபியு பெயருக்கு இன்னொரு பயனும் உண்டு. ஸ்னாப்டிராகன் சிப்பில் ஜிபியு எப்போதும் அட்ரினோ. மீடியாடெக்கில் மாலி, இம்மோர்ட்டாலிஸ் அல்லது பவர்விஆர். எக்சினோஸில் மாலி அல்லது எக்ஸ்கிளிப்ஸ். பாவித்த போனில் 'ஸ்னாப்டிராகன் 8' என்று காட்டிவிட்டு ஜிபியு பக்கத்தில் மாலி என்று வந்தால், பேசாமல் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள். போலிப் போன்களில் 'போன் பற்றி' பக்கத்தை மாற்றி எழுதுவது மிகச் சுலபம். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மாற்றப் பலர் மினக்கெடுவதில்லை.

ஐந்தாம் படி: ரேம், ஸ்டோரேஜ்

'8+8 ஜிபி' என்று எழுதியிருந்தால் உண்மையான ரேம் 8 தான். மற்ற 8 ஸ்டோரேஜில் ஓர் இடத்தை ஒதுக்கி ரேம் போல நடிக்க வைப்பது. ஜி99 போன்ற சிப்பில் எல்பிடிடிஆர்4எக்ஸ் ரேம் செக்கனுக்கு 17 ஜிபி வரை தரவு கொடுக்கும். ஈஎம்எம்சி 5.1 ஸ்டோரேஜ் கொடுப்பது 0.3 ஜிபி அளவு. ஐம்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். 4+4 ஐ 8 என்று சொல்லி விற்பவரிடம், 4 ஜிபி போனின் விலைக்குத் தருவாரா என்று கேளுங்கள்.

சிப்பை ஆராய்ந்து வாங்கிவிட்டு ஸ்டோரேஜில் கோட்டைவிடுபவர்கள் நிறைய. ஈஎம்எம்சி ஒரு நேரத்தில் வாசிக்கவோ எழுதவோ ஒன்றைத்தான் செய்யும், ஒற்றை வழிப் பாலம் போல. அதைவிட வேகமான ஸ்டோரேஜ் வகையான யுஎஃப்எஸ்ஸில் போகவும் வரவும் தனித்தனிப் பாதை. செயலி அப்டேட் ஆகிக்கொண்டிருக்கும்போது போன் உறைந்து போவது பெரும்பாலும் ஈஎம்எம்சி போன்களில்தான். சந்தேகமென்றால் சிபிடிடி என்ற சோதனைச் செயலியை ஓட்டுங்கள். தொடர்வாசிப்பு செக்கனுக்கு 250 முதல் 300 எம்பி என்றால் ஈஎம்எம்சி, 500 இல் தொடங்கி மேலே போனால் யுஎஃப்எஸ். கைவசம் எப்போதும் 15 சதவீத இடமாவது காலியாக வைத்திருங்கள். நிரம்பிய ஸ்டோரேஜ் நல்ல சிப்பையும் நொண்டியாக்கும்.

ஆறாம் படி: சிப்பால் செய்ய முடியாதவை

50 அல்லது 108 மெகாபிக்சல் கமரா இருந்தாலும், சிப்பின் வீடியோப் பகுதி ஏற்காவிட்டால் 4கே எடுக்க முடியாது. ஸ்னாப்டிராகன் 680, 695 இரண்டும் 1080பி வரைதான் பதிவுசெய்யும். 695 ஐ 5ஜி சிப் என்று கேட்டு வாங்கிய பலர், கலியாண வீடு ஒன்றில் வீடியோ எடுக்கும் நாளில்தான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். எந்த அப்டேட்டாலும் இதைச் சேர்க்க முடியாது.

மோடமும் அப்படித்தான். ஹீலியோ என்றால் 4ஜி, டைமென்சிட்டி என்றால் 5ஜி. ஸ்னாப்டிராகனில் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். 5ஜிக்காக மேலதிகமாகக் கொடுக்கும் முன், உங்கள் நெட்வேர்க் உங்கள் வீட்டுப் பக்கம் 5ஜி தருகிறதா என்று விசாரியுங்கள். அதே காசுக்கு 4ஜி போனில் நல்ல கோர் கிடைத்தால் அதுவே இலாபம். ஆனால் ஏ78 கோர்கள் இந்த விலை மட்டத்தில் பெரும்பாலும் 5ஜி சிப்களோடுதான் வருகின்றன என்பதால், சில வேளை 5ஜி வேண்டாதவரும் அதையே எடுக்க வேண்டிவரும். வெளிநாட்டுக்கென்று செய்த போன்களில் மோடம் நன்றாக இருந்தும், இங்குள்ள நெட்வேர்க்கில் 4ஜி மூலம் கோல் எடுக்கும் வசதி திறக்கப்படாமல் இருக்கலாம். உங்கள் சிம்மைப் போட்டு ஒரு கோல் எடுத்துப் பாருங்கள். பேசும்போது மேலே 4ஜி அடையாளம் மறைந்து 3ஜி அல்லது 2ஜி ஆனால் அந்த வசதி இல்லை என்று அர்த்தம்.

அங்கேயே *#06# அழுத்தி, ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான ஐஎம்இஐ இலக்கத்தை எடுத்து, பெட்டியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பிறகு ஐ, எம், இ, ஐ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, 15 இலக்கங்களையும் எழுதி 1909 க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அந்தப் போன் பதிவாகியிருக்கிறதா என்று பதில் வரும்.

ஏழாம் படி: பாவித்த போனைக் காய்ச்சிப் பாருங்கள்

புதுப் போனுக்கு வொரன்டி இருக்கிறது. பாவித்த போனுக்கு உங்கள் அரை மணி நேரம்தான் வொரன்டி. பற்றரி 50 சதவீதத்துக்கு மேல், சார்ஜர் கழற்றியபடி, கவர் இல்லாமல் தொடங்குங்கள். 3டிமார்க் செயலியில் வைல்ட் லைஃப் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஒரே காட்சியை 20 தடவை ஓட்டும், 20 நிமிடம் எடுக்கும். இறக்க நேரம் எடுக்கும் என்பதால் கடைக்காரரின் வைஃபையை முதலிலேயே கேட்டுவிடுங்கள். முடிவில் மிக உயர்ந்த சுற்று, மிகத் தாழ்ந்த சுற்று, நிலைத்தன்மை சதவீதம் என்று மூன்று வரும். 90 க்கு மேல் என்றால் நன்று. 70 க்குக் கீழே என்றால் ஏசிக் கடைக்குள்ளேயே இந்த நிலை, வெளியே வெயிலில் என்ன ஆகும் என்று யோசியுங்கள். உச்ச எண்ணைப் பார்க்க வேண்டாம். கடைசிச் சுற்றின் எண்தான் நீங்கள் தினமும் பாவிக்கப்போகும் போன்.

ஓடும்போது பின்பக்கத்தைத் தொட்டுக்கொண்டே இருங்கள். கமராவின் அருகே மெல்லப் பரவும் சூடு இயல்பு, அங்கேதான் பெரும்பாலும் சிப் இருக்கும். நடுவிலோ கீழேயோ பற்றரிப் பக்கம் கொதித்தால் பற்றரி பழசு. சோதனையின் நடுவில் போன் தானாக அணைந்து எழும்பினால், பற்றரியோ சிப்பின் ஈயப்பிடிப்போ பலவீனம். வேறு ஒன்றைப் பாருங்கள்.

அந்த ஈயப்பிடிப்பைப் பற்றிக் கொஞ்சம். பெரும்பாலான நல்ல போன்களில் ரேம் சிப் புரொசெசரின் முதுகின் மேலேயே ஒட்டப்பட்டிருக்கும். இரண்டுக்கும் இடையிலும், புரொசெசருக்கும் போர்டுக்கும் இடையிலும் நூற்றுக்கணக்கான நுண் ஈயக் குண்டுகள். போன் பலமுறை விழுந்தால், பலமுறை கொதித்து ஆறினால் அவற்றில் ஒன்றிரண்டு விடும். பழுதுபார்ப்பவர்கள் சூடான காற்றால் இரண்டு சிப்பையும் கழற்றி, குண்டுகளைப் புதிதாக வைத்து மறுபடி ஒட்டுவார்கள். இதை ரீபோல் என்பார்கள். கைதேர்ந்தவர் செய்தால் நிற்கும். ஆனால் சில மாதத்தில் திரும்பவும் விடுவதும் உண்டு. அதனால் விற்பவரிடம் போர்டில் வேலை நடந்ததா என்று நேரே கேளுங்கள். பின்மூடியின் ஓரத்தில் புதுப் பசை, தேய்ந்த ஆணித்தலை, மறைந்துபோன தண்ணீர் அடையாள ஸ்டிக்கர் இவற்றில் ஏதாவது இருந்தால் கேட்காமலே பதில் கிடைத்துவிடும்.

"புரொசெசரை மட்டும் மாற்றிப் புதிதாகப் போடலாமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். முடியாது. கொம்பியூட்டரில் போலச் சொக்கட் கிடையாது. போனிலுள்ள படங்களையும் மெசேஜ்களையும் பூட்டிவைத்திருக்கும் சாவி அந்தக் குறிப்பிட்ட சிப்பின் உள்ளேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதே மொடல் சிப்பைக் கொண்டுவந்து ஒட்டினாலும் பழைய தரவு திறக்காது. போர்டு போய்விட்டது என்று சொன்னால், தரவு வேண்டுமென்றால் பழைய சிப்பை உயிர்ப்பிக்கத்தான் முயல வேண்டும், தரவு வேண்டாம் என்றால் முழுப் போர்டையும் மாற்றலாம். எது வேண்டும் என்பதைப் போனைக் கையில் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பில்லில் ஐஎம்இஐ இலக்கத்தையும் எழுதி வாங்குங்கள், போர்டு மாறினால் அதுவும் மாறும்.